போட்டோவில் ஒரு மாட்டு வால்

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு வேப்பங்கன்றை ஒரே நாளில் ஐந்து முறை பார்த்தேன்.

ஒரே கன்று. ஒரே கறுப்பு பிளாஸ்டிக் பை. பையின் இடது ஓரத்தில் ஒரே கிழிசல். அதைப் பிடித்திருந்த கைகள்தான் வேறு வேறு.

சித்தூரில் நான் வேலை பார்க்கும் பால் கம்பெனியில் ஃபீல்டு சூப்பர்வைசர் வேலைக்கு இன்டர்வியூ. ஊர் ஊராகப் போய், வீடு வீடாக ஏறி, யாரிடம் எத்தனை மாடு, எத்தனை கறவை, பாலை யாருக்கு ஊற்றுகிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு வருகிற வேலை. இடம் ஒன்று. வந்தவர்கள் ஆறு பேர். விளம்பரத்திலேயே போட்டிருந்தோம் – ‘கல்லூரியில் சமூக சேவை செய்தவர்களுக்கு முன்னுரிமை.’

போட்டாலும் போட்டோம், ஆறு ஃபைல்களிலும் சேவை வழிந்தது.

இப்போது எங்கள் பக்கத்துக் கல்லூரிகளில் இது ஒரு பாடம் மாதிரி. ஒரு கிராமத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வீடு வீடாகச் சர்வே எடுக்க வேண்டும். ஒரு விழிப்புணர்வு ஊர்வலம், ஒரு மரக்கன்று, நாலு போட்டோ. எல்லாவற்றையும் ரெக்கார்டாக எழுதி பைண்டிங் போட்டுக் கொடுத்தால் மார்க். நல்ல ஏற்பாடுதான். யார் இல்லை என்றது?

ஆனால் திருப்பதியில் கல்லூரிகள் எவ்வளவு உண்டோ அதைவிட அதிகமாக ஜெராக்ஸ் கடைகள் உண்டு.

ஐந்து ரெக்கார்டுகளை வரிசையாக மேஜையில் வைத்துப் புரட்டினேன். ஐந்து கல்லூரி, ஐந்து கிராமம். உள்ளே ஒரே எழுத்து. முப்பத்தோராம் பக்கத்தில் ஒரே எழுத்துப்பிழை. கடைசிப் பக்கத்தில் ஒரே முடிவு: ‘இக்கிராமத்தில் எந்த வீட்டிலும் ஃபிரிட்ஜ் இல்லை.’

பாகாலா பக்கத்திலிருந்து வந்த ஒருவரிடம் அந்த வேப்பங்கன்றைக் காட்டிக் கேட்டேன். ஒளிவு மறைவே இல்லாமல் சொன்னார்.

“அது கடைல குடுப்பாங்க சார். ரெக்கார்டு பைண்டிங் பண்ணா கன்னு ஃப்ரீ. போட்டோ எடுத்துட்டுத் திருப்பிக் குடுத்துடணும்.”

“நடறது?”

“நட்டா அடுத்து வர்றவங்களுக்கு இன்னா சார் பண்றது?”

அடுத்தவரைப் பற்றி இவ்வளவு கரிசனம்... இதுவும் சேவைதானே?

இன்டர்வியூ குழுவில் மூன்று பேர். எங்கள் ஜி.எம். ஒருவர். நிர்வாகப் பிரிவைப் பார்த்துக்கொள்கிற நான் ஒருவன். மூன்றாவது, திருப்பதியிலிருந்து வந்த ஆலோசகர் பிரபாகர். நல்ல ஆட்களைப் பொறுக்கியெடுத்துக் கொடுப்பதுதான் அவன் தொழில். ‘அவன்’ என்று எழுதக் காரணம், கல்லூரியில் என்னோடு படித்தவன். பாகாலா பக்கத்தில் பத்து நாள் சேவை முகாமில் என்னோடு ஒரே பள்ளிக்கூடத் தரையில் படுத்தவன்.

என்னை அவன் கூப்பிடுவது ‘ரெஜிஸ்டர்’ என்று. அந்த முகாமில் வருகைப் பதிவேடு என் கையில் இருந்தது. பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

பிரபாகரின் சேவையைப் பற்றி என் அன்றைய டைரியில் ஒரு வரி இருக்கிறது: ‘கால்வாய் வெட்டினோம். பிரபாகர் மண்வெட்டி பிடித்தது கேமரா வந்தபோது மட்டும்.’ இன்றைக்கு அந்த போட்டோ அவன் ஆபீஸ் வரவேற்பறையில் ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கிறது. வருகிறவர்களிடம் அதைக் காட்டி, “என் வாழ்க்கையை மாத்தின பத்து நாள்” என்கிறான்.

பொய் இல்லை. மாற்றத்தான் செய்தது. கேமரா வரும்போது மண்வெட்டியைப் பிடித்தால் போதும் என்று இருபது வயதில் கற்றுக்கொண்டவன், அதற்குப் பிறகு வேறு எதையும் கற்றுக்கொள்ள வேண்டி வரவில்லை.

இனி ஆறாவது ஃபைல்.

பெயர் மோகனா. நகரியில் பவர்லூம் வைத்திருக்கிற குடும்பம். திருப்பதியில் பி.எஸ்சி. வடமாலபேட்டைக்கு உள்ளே ஒரு கிராமத்தில் நாற்பது வீடு சர்வே எடுத்திருந்தாள். ரெக்கார்டைத் திறந்தவுடன் முகம் சுளித்தேன். பக்கத்துக்குப் பக்கம் அடித்தல், திருத்தல். ‘இல்லை’ என்று எழுதி, அதை ஒரு கோடு போட்டு அடித்து, மேலே ‘உண்டு’ என்று வேறு மையில். ‘இரண்டு’ என்பதை அடித்து ‘ஒன்று’. சில இடத்தில் ஓரத்தில் அம்புக்குறி. வேப்பங்கன்று இல்லை. போட்டோ மொத்தமே இரண்டு. கல்லூரி கொடுத்த கிரேடு ‘சி’.

நான் என் டைரியில் ஓர் எழுத்தை அடிக்க நேர்ந்தால் அந்தப் பக்கத்தையே மறுபடி எழுதுகிற ஆள். அந்த ஃபைலை எடுத்து எல்லாவற்றுக்கும் கீழே வைத்தேன்.

கூப்பிட்டபோது வந்து உட்கார்ந்தாள். கேட்டதற்கு மட்டும் பதில். முதலில் கொஞ்சம் புத்தகத் தமிழில் பேசினாள். பிறகு அது தானாக உதிர்ந்துவிட்டது.

“இந்த ரெக்கார்ட காலேஜ்ல எப்படி வாங்கிக்கிட்டாங்க?” என்றேன்.

“ஃபேர் காப்பி எழுதினு வான்னாரு சார் லெக்சரர். நான் எழுதல. அதான் ‘சி’ போட்டாரு.”

“ஏன் எழுதல? சோம்பலா?”

“சோம்பேறியா இருந்தா மொதல்ல எழுதினதையே உட்டுட்டு இருப்பேனே சார். ரெண்டு தபா போய் எழுதியிருப்பனா?”

பிரபாகர் சிரித்துவிட்டு என்னைப் பார்த்தான். நான் சிரிக்கவில்லை.

“ரெண்டு தடவை எதுக்கு?”

“மொத நாள் பத்து பேரு போனோம் சார். எல்லார் கழுத்துலயும் காலேஜ் டேக். கைல பேட், ஃபார்ம். தெருமுனைல திரும்பறதுக்குள்ள ஊரு ஃபுல்லா தெரிஞ்சிபோச்சி, ரேஷன் கார்டு எடுக்க வந்துகீறாங்கன்னு.”

இது எங்கள் பக்கத்தில் வாழ்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கழுத்தில் பட்டையும் கையில் ஃபார்முமாக யார் வந்தாலும் அது கார்டை ரத்து செய்ய எடுக்கிற சர்வே என்பது ஊரின் முடிவு. வீட்டில் என்ன இருந்தால் கார்டு போகும் என்பது யாருக்கும் சரியாகத் தெரியாது. அதனால் எல்லாவற்றையும் ஒளித்துவிடுவார்கள்.

“ஒரு வூட்ல ஃபிரிட்ஜ் மேல போர்வை போத்தி, அதுக்கு மேல சாமி படத்த வச்சிட்டாங்க சார். பூ வேற வச்சாங்க. நான் நின்னுகினு கீறேன், அது ர்ர்ருன்னு சத்தம் போடுது. அந்தக்கா என்னையே பாக்குது. நான் அந்தக்காவையே பாக்கறேன்.”

“என்ன எழுதின?”

“இல்லன்னுதான் எழுதினேன். அவங்க அப்டித்தான சொன்னாங்க.”

ஜி.எம். நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். “தர்வாத்த?” என்றார், ‘அப்புறம்?’ என்று. அவருக்குத் தமிழ் நன்றாகப் புரியும். சுவாரசியம் வந்தால் மட்டும் தெலுங்கு வெளியே வரும்.

“அப்பால மனசு கேக்கல சார். அடுத்த ஞாயித்துக்கெழம டேக்கக் கழட்டிப் பைல போட்டுக்கினு தனியா போனேன். அந்தக்கா வூட்லயும் தறிதான். இழை அறுந்துகினே இருந்துச்சி. ஒக்காந்து முடி போட்டுக் குடுத்தேன். ரெண்டு மணி நேரம். நான் ஒண்ணும் கேக்கல. அந்தக்காவே போர்வைய எடுத்து, உள்ளேர்ந்து மோர் குடுத்துச்சி.”

“ஜில்லுனு இருந்துச்சா?” என்றான் பிரபாகர்.

“இருந்துச்சி சார். அதான் அடிச்சிட்டு உண்டுன்னு எழுதினேன்.”

‘இரண்டு’ என்பதை ‘ஒன்று’ ஆக்கியிருந்த இடத்தைக் காட்டினேன்.

“அது படிக்கற பசங்க சார். ரெண்டு பேரும் படிக்கறாங்கன்னு மொத நாள் சொன்னாங்க. பெரிய பொண்ணு எட்டாவதோட நின்னு தறிக்கு வந்துடுச்சி. அன்னிக்கு எனக்கு எதிர்ல ஒக்காந்து இழை எடுத்துக் குடுத்ததே அதுதான்.”

“இப்ப?”

“ஒன்பதாவது போவுது. நான்தான் ஸ்கூலாண்ட போய்ப் பேசினேன். அதுக்கு மார்க் கெடையாது சார், ஃபார்ம்ல அதுக்கு எடம் இல்ல.”

“சரி. ஃபேர் காப்பி எழுதியிருக்கலாமே?” விடாமல் கேட்டேன். நேர்த்தி என்றால் எனக்கு ஒரு பிடிவாதம்.

“எழுதினா மொதல்ல பொய் சொன்னாங்கன்றது போயிடும் சார். அடுத்து போறவங்களுக்கு அதுதான தெரியணும்?”

போகலாம் என்று சொல்லி ஃபைலை மூடினேன்.

எழுந்து போகும்போது கதவருகே நின்று சொன்னாள். “இது கெடைக்கலன்னா தறிக்கே வந்துடுன்னு நைனா சொல்லிட்டாரு சார். தறி ஓட்டறது தப்பில்ல. ஆனா வூடு வூடா போற வேலை எனக்கு வரும்.”

இனி நான் சொல்லப்போவதை வாசகர்கள் எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

மார்க் போடும் தாளைத் தயாரித்தவன் நான். ஐந்து கட்டம், கட்டத்துக்குப் பத்து மார்க். அதில் ஒரு கட்டம் ‘பதிவேட்டு நேர்த்தி’. வேறு எந்தக் கம்பெனியிலும் இப்படி ஒரு கட்டம் இருக்காது. அதில் மோகனாவுக்கு நான் போட்டது இரண்டு. பதினோரு சான்றிதழும், பளபளவென்று பைண்டிங்கும், அதே வேப்பங்கன்றோடு எடுத்ததிலேயே மிக அழகான போட்டோவும் கொண்டுவந்த கிரணுக்குப் பத்து.

மொத்தம் கூட்டியபோது மோகனா மூன்று மார்க்கில் தோற்றிருந்தாள்.

கூட்டல் சரியா என்று இரண்டு முறை பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

“பெஸ்ட் சாய்ஸ்” என்றான் பிரபாகர். “லீடர்ஷிப் தெரியுது பாரு, ரெஜிஸ்டர்.” ஜி.எம். ஒரு முறை மோகனாவின் ஃபைலைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என் தாளைப் பார்த்தார். எண் தெளிவாக இருந்தால் மனிதர்கள் வாதாடுவதில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டார்.

கிரண் வேலையில் சேர்ந்தார். கம்பெனி டேக் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். தொப்பியும் கேட்டார். கொடுத்தோம்.

மூன்றாவது வாரம் முதல் ரிப்போர்ட் வந்தது. குடிபாலா பக்கத்தில் ஒரு கிராமம். அங்கே பாலைக் குளிரவைத்துச் சேமிக்கிற பெரிய கூலர் ஒன்றை வைக்கலாமா என்று பார்ப்பதற்காக எடுத்த சர்வே. கனமான அட்டை. உள்ளே வண்ண வண்ண வட்டங்கள். ஒரு அடித்தல் கிடையாது, ஒரு பிழை கிடையாது. என் ஆயுளில் இவ்வளவு சுத்தமான ரிப்போர்ட்டை நான் பார்த்ததில்லை.

வீடுகள் நாற்பத்திரண்டு. கறவை மாடுகள் ஆறு.

ஜி.எம். படித்துவிட்டு என்னிடம், “ஆறு மாட்டுக்குக் கூலர் எதுக்கு சுந்தரம் காரு? ஒரு ஃபிளாஸ்க் போதாதா?” என்றார். கூலரை வேறு ஊருக்குத் திருப்பிவிடச் சொன்னார்.

எனக்குத் தொந்தரவாக இருந்தது. அந்த ஊரிலிருந்து எங்கள் வண்டி தினமும் காலையில் எட்டு கேன் பால் ஏற்றிக்கொண்டு வருகிறது. கேனுக்கு நாற்பது லிட்டர். ஆறு மாடு முந்நூற்று இருபது லிட்டர் கறக்க வேண்டுமென்றால் மாட்டுக்கு ஐம்பதைத் தாண்டுகிறது. அப்படிப்பட்ட ஆறு மாடு உலகத்தில் இருந்தால் அதைக் கட்டி வைத்துக் கும்பிடலாம். கம்பெனி எதற்கு?

கிரணைக் கூப்பிட்டேன்.

“எல்லா வீட்டுக்கும் போனீங்களா?”

“போனேன் சார். ஜியோ டேக் போட்டோ கீது, டைமோட.”

“மாடு இருக்கான்னு கேட்டீங்களா?”

“கேட்டேன் சார். இல்லன்னாங்க. இல்லன்னா இல்லன்னுதான எழுதணும்?”

“வாசல்ல சாணி தெளிச்சிருந்தாங்களா?”

“அது ஃபார்ம்ல கேக்கல சார்.”

நியாயமான பதில். ஃபார்ம் தயாரித்ததும் நான்தான்.

போட்டோக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நாற்பத்திரண்டு வீட்டு வாசலில் நாற்பத்திரண்டு கிரண்கள். தொப்பி, டேக், புன்னகை. பதினேழாவது போட்டோவில் நிறுத்தினேன்.

“இது என்ன?”

“எது சார்?”

“உங்க தோளுக்குப் பின்னாடி. கதவிடுக்குல.”

கம்ப்யூட்டர் திரைக்குக் கிட்டே வந்து குனிந்து பார்த்தார். “வாலு மாதிரி கீது சார்.”

“மாதிரியா?”

“...வாலுதான் சார்.”

“வீட்டுக்காரங்க என்ன சொன்னாங்க?”

“மாடு இல்லன்னாங்க.”

“நீங்க திரும்பிப் பாக்கலையா?”

“லைட்டிங் பாத்துக்கினு இருந்தேன் சார்.”

அவரைத் திட்டத் தோன்றவில்லை. ஏன் திட்ட வேண்டும்? மூன்று வருடம் கல்லூரியில் அவருக்கு என்ன கற்றுக்கொடுத்தார்களோ அதை ஒரு குறையும் இல்லாமல் செய்திருக்கிறார். கடைக்காரரின் வேப்பங்கன்றைத் திருப்பிக் கொடுத்ததைப் போலவே, கிராமத்தையும் தொடாமல் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மாணவர் சேவை பிற்கால வாழ்க்கையை வடிவமைக்கும் என்று மேடைதோறும் பேசுகிறார்களே... பேசுகிறவர்கள் நினைப்பதைவிட அது உண்மை. சேவை வடிவமைக்கிறதோ இல்லையோ, அதை எப்படிச் செய்தோம் என்பது வடிவமைத்துவிடுகிறது. இருபது வயதில் ஒருவன் எதைச் சேவை என்று பெயரிட்டுக்கொள்கிறானோ, நாற்பதில் அதையே வேலை என்று சொல்லிக்கொள்கிறான்.

அதற்குச் சாட்சி வேண்டுமானால் வெளியே தேட வேண்டாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பீரோவைத் திறந்து, பாகாலா முகாம் டைரியை எடுத்தேன். பிரபாகரின் மண்வெட்டி வரியை ரசித்துப் படித்துவிட்டு மூடுவதுதான் வழக்கம். இந்தத் தடவை அடுத்த பக்கத்தையும் படித்தேன். ‘நான்காம் நாள். பதினெட்டுப் பேர் சினிமாவுக்குச் சித்தூர் போய்விட்டார்கள். பொறுப்பாசிரியர் சொன்னபடி பதிவேட்டில் ஐம்பது பேரும் வந்ததாகக் குறித்தேன். கையெழுத்து நன்றாக இருந்ததாகப் பாராட்டினார்.’

அந்தப் பாராட்டுக்குக் கீழே சிவப்பு மையில் கோடு வேறு போட்டிருக்கிறேன்.

பிரபாகர் அந்த முகாமில் கேமராவைக் கண்டுபிடித்தான். நான் கண்டுபிடித்தது, அடித்தல் இல்லாத பதிவேடு. இத்தனை வருடம் அவனைப் பார்த்து நான் சிரித்துக்கொண்டிருந்தேன். கால்வாயாவது கொஞ்ச தூரம் வெட்டப்பட்டது – வெட்டியது அவன் இல்லை என்றாலும். என் பதிவேட்டில் அந்தப் பதினெட்டுப் பேரும் இன்றைக்கும் மண் சுமந்துகொண்டிருக்கிறார்கள்.

திங்கட்கிழமை ஜி.எம். அறைக்குப் போய் வாலைக் காட்டினேன். என் மார்க் தாளையும் காட்டி, எந்தக் கட்டத்தில் தவறு செய்தேன் என்று சொன்னேன். அவர் வாலையே வெகுநேரம் பார்த்தார்.

“ஆ அம்மாயி நம்பர் உந்தா?” என்றார்.

அந்தப் பெண்ணின் நம்பரா? என் டைரியில் இல்லாத நம்பர் உண்டா?

போன் எடுத்தவுடன் பின்னால் தறிச் சத்தம். “கொஞ்சம் இரு நைனா, சித்தூர்லேர்ந்து பேசறாங்க” என்ற குரல். சத்தம் நின்றது.

“வேற ஆள எடுத்துட்டோம்னு சொன்னீங்களே சார்?”

“எடுத்தோம்.”

“இன்னா ஆச்சு?”

“மாடு கிடைக்கல.”

அந்தப் பக்கம் சிரிப்பை அடக்குவது கேட்டது. “எத்தினி மாடு சார் கெடைக்கல?”

“அதத்தான் நீ வந்து சொல்லணும்.”

“டேக் குடுப்பீங்களா சார்?”

“ஆபீஸ் விதி. குடுப்போம்.”

“குடுங்க. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கறேன். கழுத்துல வாணாம்.”

வந்து சேர்ந்தாள். சொன்னபடி கையெழுத்துப் போட்டு வாங்கி, டேக்கைப் பையில் போட்டுக்கொண்டாள். கிரணை வேலையை விட்டு அனுப்பவில்லை. அவ்வளவு அழகாக ரிப்போர்ட் தயாரிக்கிறவரை எந்தக் கம்பெனி அனுப்பும்? பிரபாகர் சிபாரிசின் பேரில் அவரைத் திருப்பதி ஆபீசுக்கு மாற்றியிருக்கிறோம். கம்பெனியின் சமூக சேவைப் பிரிவை அவர்தான் கவனிக்கிறார். அடுத்த மாதம் மரம் நடும் விழா.

மோகனாவிடம் அந்தப் பதினேழாவது போட்டோவைக் காட்டி அனுப்பினேன். அதே குடிபாலா ஊருக்கு நாலு நாள் போய்வந்தாள். ஒரு நாள் புல்லு அறுத்தாளாம். ஒரு நாள் கன்று ஈன்ற வீட்டில் சீம்பால் தின்றுவிட்டு வந்தாளாம். நேற்று ரிப்போர்ட் என் மேஜைக்கு வந்தது. பேனா கசிந்த கறை. எண்ணிப் பார்த்தேன், பத்தொன்பது இடத்தில் அடித்தல். ‘ஃபேர் காப்பி’ என்று சொல்ல வாய் எடுத்தேன்... காபி குடித்துவிட்டு வந்து அப்படியே ஜி.எம்.முக்கு அனுப்பிவிட்டேன். கூலர் அந்த ஊருக்கே போகிறது.

பதினேழாவது வீட்டின் கட்டத்தில் ‘இல்லை’ என்பதை அடித்து, மேலே எழுதியிருந்தாள்: ‘உண்டு. இரண்டு. வால் பெரிய மாட்டுடையது.’